புட்டிங் அண்ணாச்சியும் குண்டு நாயும்

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கடைசிச் சமையல்காரர் லண்டனில் இருந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் புனேயில், வானவடியில், எங்கள் அபார்ட்மெண்டின் தரைத்தளத்தில் குடியிருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நெற்றியில் மூன்று பட்டை விபூதி. இங்கிலீஷில் பதினைந்து வார்த்தை தெரியும். அத்தனையும் தின்கிற பண்டங்களின் பெயர். இதையெல்லாம் விடப் பெரிய விஷயம், அவர் சுத்த சைவம். ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் இருபத்தாறு வருஷம் ரோஸ்டும் ஸ்டூவும் புட்டிங்குமாகச் சமைத்துப் போட்டவர், அதில் ஒரு துளியைக்கூட நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை.

அவருடைய நிஜப் பெயர் முருகனின் பெயர்களில் ஏதோ ஒன்று. யாருக்கும் ஞாபகமில்லை. கட்டடம் முழுக்கப் புட்டிங் அண்ணாச்சி. எங்கள் சொசைட்டி செக்ரட்டரி மராட்டிக்காரர். அண்ணாச்சி என்பது குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, நோட்டீஸ் போர்டில் ‘திரு. பி. அண்ணாச்சி’ என்றே எழுதி வந்தார். அண்ணாச்சியும் அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

துப்பாக்கி பிடிக்கத்தான் பட்டாளத்தில் சேர்ந்தாராம். என்ன வேலை தெரியும் என்று கேட்டபோது, ஊரில் கல்யாண வீடுகளில் ஒத்தாசைக்குப் போவேன் என்று வாயைக் கொடுத்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்த கரண்டியைப் பென்ஷன் வாங்குகிறவரை கீழே வைக்கவில்லை. ருசி பார்க்காமல் எப்படிச் சமைத்தீர்கள் என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

“சமைக்கிறவன் வாயில வச்சுப் பாத்தா அது எச்சில் தம்பி. சாமிக்குன்னாலும் அதான், ஆபீசருக்குன்னாலும் அதான், வெள்ளைக்காரச் சாப்பாடுன்னாலும் அதான். திரும்பி வார தட்டைப் பாக்கணும். தட்டு பேசும்.”

மெஸ்ஸில் சமையல்காரர் சாப்பாட்டு அறைக்குள் போகக் கூடாது. அதனால் அவருக்கு வந்த விமர்சனமெல்லாம் காலித் தட்டுகள்தான். மூக்கால் சமைத்துக் கண்ணால் மார்க் வாங்கியவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பாங்க் வேலையாக மாற்றலாகி, மனைவி சுமதியோடு அந்தக் கட்டடத்துக்கு வந்தேன். வந்த மாதமே கேபிள் இழுத்தோம். ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு இங்கிலீஷ் சேனலில், மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரர் தன் நாட்டில் ஊர் ஊராகப் போய், அந்தக் காலத்து பிரிட்டிஷ் சாப்பாட்டைச் சமைத்துக் காட்டுவார். தங்கள் சாப்பாட்டை உலகமே கேலி செய்கிறது, அது தப்பு என்று நிரூபிப்பதுதான் அவருடைய லட்சியம். இது எப்படியோ அண்ணாச்சி காதுக்குப் போய்விட்டது. அவர் வீட்டு டிவி மருமகளின் ஆட்சியில் இருந்தது. அடுத்த ஞாயிறு ஒன்று ஐம்பதுக்கு எங்கள் வீட்டு மணி அடித்தது. குளித்து, விபூதி பூசி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அண்ணாச்சி நின்றார்.

முதல் நாளே ரகளை. மீசைக்காரர் குழம்பைக் கரண்டியில் எடுத்து, உறிஞ்சிப் பார்த்து, கண்ணை மூடி ரசித்துவிட்டு, அதே கரண்டியைத் திரும்பப் பாத்திரத்துக்குள் விட்டார். அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

“எச்சில் கரண்டிய உள்ள விடுதான், பாத்தீரா?” என்றார் என்னிடம், நான் விட்டதுபோல. செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

இனி வர மாட்டார் என்று சுமதி சொன்னாள். அடுத்த ஞாயிறு ஒன்று ஐம்பதுக்கு மணி அடித்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் தவறியதில்லை. இங்கிலீஷை சுமதி தமிழில் சொல்லுவாள். அண்ணாச்சி அணிவகுப்பைப் பார்வையிடுகிற ஜெனரல் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மீசைக்காரரை இன்ஸ்பெக்‌ஷன் செய்வார். வெங்காயம் நறுக்கினது பராபர், சரிதான். மாவை என்ன கோபத்தில் அடிக்கிறான், அவன் என்ன சப்பாத்தியா சுடப் போகிறான்? ஒருமுறை மீசைக்காரர் ஷ்ரூஸ்பரி என்ற ஊருக்குப் போனார். அது புனே கேம்ப் பகுதிப் பேக்கரியில் வரிசையில் நின்று வாங்குகிற பிஸ்கட்டின் பெயர், அதை எதற்கு ஊருக்கு வைத்தார்கள் என்று அண்ணாச்சி கேட்டார். புனேக்காரர்களாகிவிட்ட எங்களுக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் சமையல். மருமகள் தன் அடுப்பங்கரையில் முட்டையை அனுமதிக்க மாட்டாள். அதனால் எங்கள் சமையலறை மெஸ் ஆனது. எங்களிடம் வட்டமான அலுமினிய ஓவன் ஒன்று இருந்தது. அதில் அவர் வாராவாரம் செய்தது பிரெட் புட்டிங். ரொட்டியை நெய்யில் வறுத்து, பாலும் முட்டையும் சீனியும் அடித்து ஊற்றி, முந்திரி தூவி, கடைசியில் ஏலக்காயைத் தட்டிப் போடுவார். அந்த வாசனை படியேறி மூன்றாம் மாடி வரை போகும். வாசனை தொந்தரவாக இருக்கிறது என்று புகார் சொல்ல வந்த செக்ரட்டரி, இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு வந்த காரியத்தை மறந்து போனார்.

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அதன் பிறகுதான் அந்த ஞாயிறு வந்தது. அன்றைக்கு மீசைக்காரர் செய்யப்போவது பிரெட் புட்டிங் என்று சுமதி சொன்னதும் அண்ணாச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ரொட்டியில் வெண்ணெய் தடவினார்கள். திராட்சை போட்டார்கள். பால், முட்டை, ஜாதிக்காய். ஓவனுக்குள் போய் வெளியேயும் வந்துவிட்டது.

“ஏலக்காய் எப்பத் தாயி போடுவான்?”

“போடலை அண்ணாச்சி. முடிஞ்சுபோச்சு.”

“நெய்யி?”

சுமதி இல்லையென்று தலையை ஆட்டினாள். அந்த நிகழ்ச்சியில் மற்றதையெல்லாம் தப்பு என்று சொன்னவருக்கு, இதை மட்டும் அப்படிச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் ஊர்ப் பலகாரம். அவர்கள் ஏலக்காய் போடவில்லை.

“அப்ப இருபத்தாறு வருசமா நான் தப்பாவா குடுத்திருக்கேன்?” என்றார்.

தட்டெல்லாம் காலியாகத்தானே வந்தது என்று நான் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் முகம் இன்னும் இருண்டது.

“அந்த மெஸ்ஸுல ஒரு நாய் கெடந்துச்சு தம்பி. கர்னல் சாப் நாய். மேசைக்கு அடியிலேயே கெடக்கும். நல்ல குண்டு நாய்.”

ஒரு மனிதன் இருபத்தாறு வருஷம் வாங்கிய மார்க்கெல்லாம் ஒரு நாய் போட்டதாக இருக்கலாம் என்ற சந்தேகம் அன்றைக்கு அவருக்குள் நுழைந்துவிட்டது. அடுத்த ஞாயிறு மணி அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. படியில் பார்த்தால், முழங்கால் வலி என்றார். எங்களுக்கு இரண்டு மணி நிகழ்ச்சியே பிடிக்காமல் போய்விட்டது.

அந்தக் கர்னல் ஓய்வு பெற்று எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். தினமும் வாக்கிங் போவார். அண்ணாச்சி தூரத்திலிருந்தே சல்யூட் அடிப்பார். போய்க் கேட்டுவிடுங்களேன் என்றால், கர்னலிடம் போய் நாயைப் பற்றிக் கேட்பதா என்று காதைப் பொத்திக்கொண்டார். ஆகவே சுமதி ஒரு வேலை செய்தாள். வீட்டுக்கு விருந்தாளி வருகிறார், மானத்தைக் காப்பாற்றுங்கள் என்று அண்ணாச்சியை இழுத்து வந்து புட்டிங் செய்யச் சொன்னாள். வருகிற விருந்தாளி யாரென்று சொல்லவில்லை. கர்னலை நான் போய் அழைத்து வந்தேன்.

ஹாலில் கர்னலின் குரல் கேட்டதுமே சமையலறையில் அண்ணாச்சி அட்டென்ஷனுக்குப் போய்விட்டார். வெளியே வாருங்கள் என்றால் வரவில்லை. சமையல்காரன் மேசைக்கு வரக் கூடாது. கர்னல் ஒரு தட்டு சாப்பிட்டார். இன்னொன்று கேட்டு வாங்கினார். வழித்துத் தின்ற தட்டை நான் உள்ளே கொண்டுபோய்க் காட்டினேன். மேசைக்கு அடியில் எதுவும் இல்லை என்றும் சொன்னேன். அண்ணாச்சி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்புறம் கர்னலே எழுந்து சமையலறைக்குள் வந்துவிட்டார். ஹிந்தியில் பேசினார். பயிற்சிக்காக ஆறு மாதம் இங்கிலாந்தில் இருந்தாராம். போன முதல் நாளே ஆசையாகப் பிரெட் புட்டிங் கேட்டு வாங்கி, ஒரு வாய் வைத்துவிட்டு, இது பிரெட் புட்டிங்கே இல்லை, இதில் ஏலக்காயைக் காணோம் என்று அவர்களிடமே தகராறு செய்தாராம். அவர்கள் ஊர்ச் சமையல்காரனுக்கு வேலை தெரியாது என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாராம்.

அண்ணாச்சி அப்படியும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார். சாப், அந்த நாய்?

கர்னல் கொஞ்சம் சங்கடப்பட்டார். ரோஸ்ட் சில நாள் நாய்க்குப் போனது உண்டு, மறைப்பானேன் என்றார். புட்டிங்கை மட்டும் மோந்து பார்க்கக்கூட விட்டதில்லையாம்.

ரோஸ்ட் போனால் போகட்டும் என்பதுபோல அண்ணாச்சி கையை அசைத்தார். பிறகு குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவ ஆரம்பித்தார். அவர் திரும்புகிறவரை நாங்கள் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஒன்று ஐம்பதுக்கு மணி அடித்தது. அன்று அவர் புதிதாக ஒரு காரியம் செய்தார். முட்டைக்குப் பதில் கஸ்டர்ட் பவுடர் போட்டு, மற்றதெல்லாம் பழைய அளவிலேயே செய்தார். சுமதி ஒரு தட்டில் வைத்து அவரை எங்களோடு மேசையில் உட்கார வைத்தாள். முதல்முறையாகத் தன் பிரெட் புட்டிங்கை வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“சீனி ரொம்பத் தூக்கலா இருக்கே தம்பி. இத்தன வருசமா ஒருத்தரும் சொல்லலியே?”

எனக்கும் சுமதிக்கும் அது முதல் வாரமே தெரியும். கர்னலுக்குத் தெரியும். மெஸ்ஸுக்கே தெரிந்திருக்கும். தூக்கலெல்லாம் இல்லை, சரியாகத்தான் இருக்கிறது என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் நம்பவில்லை. நாங்கள் தட்டை வழித்துக் காலியாக்கி அவர் முன்னால் வைத்தோம். அதை நம்பினார்.

சில வருஷம் கழித்து அவர் மகன் புனேயின் இன்னொரு கோடியில், கராடி பக்கம் வீடு வாங்கிக் குடும்பத்தோடு போனார். அங்கிருந்தும் அண்ணாச்சி பஸ் பிடித்து ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்தார், முழங்கால் நிஜமாகவே வலிக்கிறவரை. இப்போது அவர் இல்லை. நான் எங்கெங்கோ பிரெட் புட்டிங் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். எதிலும் சீனி போதவில்லை.