எட்டு மில்லிமீட்டர் பற்றாக்குறையும் என் மேல் விழுந்த மோசடிப் பழியும்

பெர்மாஸ் ஜெயா,
வியாழன் காலை.

மெர்சிங்கில் மளிகைக்கடை நடத்திவருபவரும், என் மனைவி மீரா பீவியின் உடன்பிறந்த அண்ணனும், முப்பத்தொரு வருடங்களுக்கு முன் எங்கள் நிக்காஹை முன்னின்று நடத்தியவருமான பக்கீர் மைதீன் மச்சான் அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை ஜெகபர் சாதிக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் அருளால் மீரா பீவி, மகன் இர்ஃபான், மகள் தஸ்லிமா மூவரும் நலம். நானும் நலம், முகத்தைத் தவிர. உங்கள் சர்க்கரை, உங்கள் வீட்டு மச்சியின் முழங்கால், கடைக்கூரையின் ஒழுகல் ஆகியவை எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் பேசினால் நான் கத்துவேன். கத்தினால் என் உணவகத்தில் ரொட்டி சாப்பிடுகிறவர்கள் அத்தனை பேரும் கேட்பார்கள். நேற்று அடுப்படியில் உங்கள் தங்கை, மகள் தஸ்லிமாவிடம், "இதை அண்ணன்கிட்ட சொல்லித்தான் ஆகணும், வேற வழி இல்ல" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அவள் சொல்லும்முன் நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு மோவாய் இல்லை என்பது உண்மை. அதை மறைத்து உங்கள் வீட்டில் பெண் எடுத்தேன் என்பது பொய்.

நடந்ததைக் கேளுங்கள். மூன்று வாரத்துக்கு முன் கடையில் தந்தூரி அடுப்பு பற்றவில்லையே என்று குனிந்து பார்த்தேன். நான் குனியும்வரை காத்திருந்ததைப் போல அது பற்றிக்கொண்டது. தோலுக்குப் பெரிய சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இருபது வயதிலிருந்து வளர்த்த தாடியில் இடதுபக்கம் மொத்தமும் போய்விட்டது. பாதித் தாடியோடு கல்லாவில் உட்கார முடியுமா? முடிதிருத்தும் காளிதாஸிடம் போய் மீதியையும் எடுக்கச் சொன்னேன். கத்தி வைத்தால் வாய் ஓயாத மனிதர் அவர். அன்றைக்கு வேலை முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பரவால்ல பாய், வளந்துரும்" என்று மட்டும் சொல்லி, நான் கேட்காமலே தோளைத் தட்டிக் கொடுத்தார். கண்ணாடியில் என் கீழுதடு முடிந்த இடத்திலேயே கழுத்து ஆரம்பித்திருந்தது. கடைக்குத் திரும்பினால், இருபது வருடமாகத் தினமும் தேத்தாரே தேநீர் குடிக்க வரும் மலாய்க்காரப் பெரியவர் என்னையே நிமிர்ந்து பார்த்து, "போஸ் மானா?" என்கிறார், முதலாளி எங்கே என்று. முதலாளி நான்தான் என்றேன். அவர் நம்பவில்லை மச்சான்! முதலாளியின் தம்பியா என்று கேட்டுவிட்டுச் சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னார்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனேன். மதியச் சாப்பாடு, மீன் குழம்பு. உங்கள் தங்கை சோற்றுக் கரண்டியோடு வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "இதுதாங்க உங்க முகமா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள். நான் எழுந்து போய்விட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிப்பைக்கூடத் தாங்கலாம், அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. ஏமாந்துவிட்டோம் என்று நினைக்கிற ஒரு பெண்ணின் மௌனம் அது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இன்னும் ஏழு வாரத்தில் தஸ்லிமாவுக்கு நிக்காஹ். சம்பந்தி வீட்டார் பார்த்துச் சம்மதித்தது தாடி வைத்த ஜெகபர் சாதிக்கை. அந்தப் பழைய தாடி அதற்குள் வளராது. மேடையில் நிற்கப்போவது யார்?

இர்ஃபானிடம் சொன்னேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற பிள்ளை, எதற்கும் போனில் ஒரு வழி வைத்திருப்பான். "அத்தா, இதெல்லாம் இப்ப சாதாரணம் லா. மூணு டாக்டர பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றான். பார்த்தோம். மூன்று பேரும் மூன்று விதம். முதல் டாக்டரம்மாவுக்குத் தஸ்லிமா வயதுதான் இருக்கும். ஊசி போட்டால் போதுமாம். பசை மாதிரி ஒன்றை உள்ளே செலுத்தி, கையால் பிடித்து வடிவம் கொடுப்பாராம். நம் மச்சி கொழுக்கட்டை பிடிப்பாரே, அப்படி. நல்லது, எத்தனை காலம் நிற்கும் என்றேன். "ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் அங்கிள், அப்புறம் கரைஞ்சிடும், மறுபடி வரணும்." மோவாயைத் தவணை முறையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்! உங்களுக்குக் குறைவு அதிகம், ஊசியால் முழுவதும் சரிவராது என்பதையும் அவரே கடைசியில் ஒப்புக்கொண்டார். அதை முதலிலேயே சொன்னால் என்ன?

இரண்டாவது டாக்டருக்குச் சொந்தத்தில் நல்ல மோவாய் இருந்தது, அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவர் மேசை மேல் ஒரு பெட்டியைத் திறந்தார். சிறியது, நடுத்தரம், பெரியது என்று வரிசையாகச் சிலிக்கான் மோவாய்கள். வாயின் உள்பக்கமோ மோவாயின் அடியிலோ சின்னதாகக் கீறி, எலும்பின் மேல் இதை உட்கார வைத்துத் தைத்துவிடுவாராம். ஒரு மணி நேர வேலை, பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம். நகருமா என்று கேட்டேன். அபூர்வமாக நகரலாம். சீழ் பிடிக்குமா? அபூர்வமாகப் பிடிக்கலாம். எலும்பை வெட்டுவது எப்படி என்று இர்ஃபான் கேட்டதும் அவருக்கு முகம் மாறியது. "எதுக்கு அவ்வளவு பெரிய வேலை?" என்றார். நடுத்தரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பான் மாதிரி இருந்தது. அழிப்பானோடு நான் மறுமையில் மஹ்ஷருக்குப் போய் நிற்க வேண்டுமா, சொல்லுங்கள்.

மூன்றாமவர் வயதான சீன டாக்டர். பல்லைக் கடிக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒழுங்காகச் சேர்கின்றன, ஆகவே தாடை சரியாக இருக்கிறது, மோவாய் மட்டும்தான் பின்வாங்கிவிட்டது என்றார். தாடையே பின்னால் இருந்தால் ஒரு வருடத்துக்கு மேல் பல்லுக்குக் கம்பி கட்டி, அப்புறம் தாடை முழுவதையும் வெட்டி முன்னால் கொண்டுவர வேண்டுமாம். உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றார். என் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள்! பிறகு என்னைப் பக்கவாட்டில் படமெடுத்து, கணினியில் கோடு போட்டு, எட்டு மில்லிமீட்டர் குறைகிறது என்றார். கீழுதட்டுக்கு உள்ளே கீறி, மோவாய் எலும்பைக் குறுக்கே அறுத்து, மேசை டிராயரை இழுப்பது போல முன்னால் இழுத்து, சின்னத் தகடும் திருகாணியும் போட்டு முடுக்கிவிடுவாராம். உங்கள் சொந்த எலும்பு, ஒட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் நிற்கும் என்றார். உதடும் மோவாயும் சில மாதம் மரத்திருக்கலாம், சிலருக்கு முழு உணர்ச்சி திரும்பாமலும் போகலாம் என்பதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். சிலிக்கான் பற்றிக் கேட்டேன். இரண்டாவது டாக்டர் எலும்புக்குக் காட்டிய அதே முகத்தை இவர் சிலிக்கானுக்குக் காட்டினார். படித்தவர்கள் மச்சான், ஒரே மோவாயில் ஒத்துப்போக மாட்டேன் என்கிறார்களே!

முடிவைச் சொல்லிவிடுகிறேன். எலும்பையே வெட்டிக்கொள்வதாக இருக்கிறேன். வருகிற புதன்கிழமை. இர்ஃபானைத் தவிர யாருக்கும் தெரியாது. பள்ளிவாசலில் கேட்கவில்லை, கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. உங்களிடம் வேண்டுவது ஒன்றுதான். புதனுக்கு முன் நேரில் வந்து, உங்கள் தங்கையின் முன்னால் உண்மையைச் சொல்லுங்கள். என்னைப் பார்க்க வந்த அன்று நீங்கள் கேட்டவை மூன்றே கேள்விகள். தொழுகை உண்டா, புகை உண்டா, கடை சொந்தமா வாடகையா. மூன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். மோவாய் உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

மச்சிக்கு என் ஸலாம். பேரப்பிள்ளைகளுக்கு துஆ. உங்கள் வியாபாரத்தில் பரக்கத் பெருகவும், கூரை அடுத்த மழைக்குள் அடைபடவும் இறைவனை வேண்டும்,

ஜெகபர் சாதிக்.

பி.கு. வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு. மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். தபாலில் சேர்க்காமல் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். சட்டை துவைக்கப் போனது. கடிதத்தை மீரா பீவி படித்துவிட்டாள். இன்று கடைக்கே வந்து, வாடிக்கையாளர் மாதிரி என் எதிரில் உட்கார்ந்து ஒரு தேநீர் சொன்னாள். அது வந்ததும் ஆரம்பித்தாள்.

"தாடி இருந்தா மறைஞ்சுடுமா? முப்பத்தோரு வருஷம் பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதா? நிக்காஹுக்கு முன்னாடியே தெரியும். உங்க அம்மாதான் உங்க பதினெட்டு வயசு ஐசி அடையாள அட்டை போட்டோவ அண்ணன்கிட்ட குடுத்தாங்க. தாடி இல்ல, மீசை இல்ல, ஒண்ணுமே இல்ல."

என் சொந்தத் தாயார்! நீங்களும் இத்தனை வருடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அப்புறம் எதுக்கு ரெண்டு நாள் பேசல?" என்று கேட்டேன்.

"நான் சிரிச்சதுக்கு மீன் குழம்ப அப்படியே விட்டுட்டு எந்திரிச்சுப் போனீங்க. கோவம் எனக்கு வரக்கூடாதா? அதுக்கப்புறம் உங்க பையில டாக்டர் குடுத்த பேப்பர் இருந்துச்சு. எலும்ப அறுக்கிற படம் போட்டிருக்கு. நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லல. அண்ணன விட்டாவது தடுக்கலாம்னு பாத்தேன்." தேநீரைத் தொடவே இல்லை. "உதடு மரத்துப் போயிட்டா என்னங்க செய்றது?" என்றபோது அவள் குரல் உடைந்துவிட்டது. கடையில் எல்லாரும் பார்த்தார்கள். நான் எழுந்து போய்ச் சீன டாக்டருக்குப் போன் செய்து, புதன்கிழமை வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நிக்காஹுக்கு எந்த முகம் இருக்கிறதோ அந்த முகத்தோடு நிற்பேன். கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அவள் விடவில்லை. ஏதோ எழுத வேண்டுமாம். நான் பார்க்கக் கூடாதாம்.

அண்ணே, மீரா எழுதுறேன். இவர் சொல்றத நம்பாதீங்க, நானும் ஏமாந்துதான் போனேன். அந்த போட்டோவ நீங்க காட்டினப்ப, இவ்வளவு சின்ன மோவாய் வச்சிருக்கிற மனுஷன் சத்தம் போட்டுப் பேசமாட்டார்னு நம்பித்தான் சரின்னு தலையாட்டினேன்.