முப்பத்திரண்டு சிப்பாய்களும் முதல் குளியலும்

உலகத்திலேயே ராஜா இல்லாமல் செஸ் ஆடி ஜெயித்த ஒரே மனிதர் பம்பாயில் எங்கள் மாட்டுங்கா மெஸ்ஸில்தான் இருந்தார். மறுப்பவர்களோடு சண்டைக்கு வர நான் தயார்.

அவர் பெயர் சிப்பாய். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். மெஸ்ஸில் தங்கியிருந்த பதினான்கு பேரில் ஒருவருக்கும் அது தெரியாது. ஃபோர்ட் பகுதியில் ஏதோ கம்பெனியில் டெஸ்பாட்ச் குமாஸ்தா. காய்கள் தொலைந்துபோன செஸ் பெட்டிகளைச் சோர் பஜார் பழைய சாமான் கடைகளில் மலிவாக வாங்கி, முப்பத்திரண்டு சிப்பாய்கள் சேர்த்திருந்தார். எதிராளிக்கு யானை, குதிரை, ராணி என்று வழக்கமான படை. இவருக்கு நாலு வரிசை சிப்பாய்கள், அவ்வளவுதான். அத்தனையையும் வெட்டினால் எதிராளிக்கு ஜெயம்; எதிராளியின் ராஜாவை மடக்கினால் இவருக்கு.

"ராஜாவே இல்லாதவனுக்கு எவண்டா செக் வைக்கிறது?" என்பார்.

அறுபதுகளின் நடுவில் நான் பம்பாய்க்குப் புதிது. மெஸ்ஸில் காலையில் முக்கால் மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். மாதத்தின் முதல் ஞாயிறன்று செஸ் ஆடிக் குளிக்கும் வரிசையைத் தீர்மானிப்பார்கள். பல வருஷமாக முதல் இடம் ஆடிட்டருக்கு. அவரும் குமாஸ்தாதான், கறார் பேர்வழி என்பதால் அந்தப் பட்டம். சஹஸ்ரநாமம் சொல்லிக்கொண்டே குளிப்பார். ஆயிரம் நாமாவும் முடிந்த பிறகுதான் சோப்பைத் தொடுவார்.

புதியவனான நான் கடைசி. என் முறை வரும்போது குழாயில் காற்றுதான் வரும். பக்கத்துக் கட்டடத்தில் கெஞ்சிக் கூத்தாடித் தண்ணீர் வாங்குவதற்குள் லோக்கல் ரயில் போய்விடும். ஒருநாள் குளிக்காமல் போனதற்கு ஆபீஸ் மேனேஜர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். இரண்டு லேட் ஆகிவிட்டது. மூன்றாவது விழுந்தால் வேலை நிரந்தரமாகாது என்று அவர் சொல்லிவிட்டார். வீட்டில் சம்பாதிப்பவன் நான் ஒருவன்தான்.

சிப்பாய்க்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. அந்த ஞாயிறு ஆடிட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"நான் ஜெயிச்சா உங்க முதல் நம்பர் இந்தப் பையனுக்கு, இவன் கடைசி நம்பர் உங்களுக்கு. தோத்தா இனிமே நான் போர்டையே தொடலை. சலேகா? சம்மதம்தானே?"

"சலேகா, சலேகா!" என்றார் ஆடிட்டர் குஷியாக.

முதல் அரைமணியில் ஆடிட்டர் பஜ்ஜி தின்பதுபோலச் சிப்பாய்களைத் தின்றார். வெட்டுப்பட்ட காய்களை எண்ணிக்கொண்டிருந்த என் பக்கம் சிப்பாய் திரும்பினார்.

"மூஞ்சியைத் தொங்கப் போடாதேடா அம்பி. தாதர் ஸ்டேஷன்ல வண்டி ஏறற கூட்டத்தைப் பாத்திருக்கியோ? தனியா ஓடறவன் விழுவான். ஒட்டிண்டே நகரணும். ஒருத்தனை வெட்டினா, வெட்டினவனைத் தூக்கக் குறுக்கே ஒருத்தன் நிக்கணும். அவசரப்படப்படாது."

சிப்பாய்கள் சுவர்போல நகர்ந்து வந்தார்கள். வேடிக்கை பார்த்த ஒருவர், "குதிரையைக் குடுத்து ரெண்டு சிப்பாயை எடுங்கோ சார், சுவர் உடைஞ்சுடும்" என்றார்.

ஆடிட்டர் அவரை முறைத்தார். "குதிரையைக் குடுத்து ரெண்டு சிப்பாயா? நஷ்டக் கணக்கை யார்கிட்ட சொல்றே?"

அந்தக் கணக்கில்தான் அவர் கவிழ்ந்தார். குதிரையும் பிழைத்தது, சுவரும் பிழைத்தது. அவருடைய பெரிய காய்களெல்லாம் நகர இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே நெருக்கியடித்து நின்றன. ஒரு சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டி ராணியானான். சிப்பாயிடம் ராணி ஏது? ஆடிட்டரின் சோப்புப் பெட்டியையே எடுத்து அங்கே வைத்தார். சோப்புப் பெட்டி செக் வைத்தது. சொந்தப் படையே சுற்றி நின்றதால் ராஜாவுக்குப் போக்கிடமில்லை.

மறுநாள் நான் முதலில் குளித்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் வரிசையில் இரண்டாவதாக ஆடிட்டர். இரண்டாம் இடம் எப்போதும் சிப்பாயுடையது. அவரோ தோளில் துண்டோடு வரிசையின் கடைசியில் நின்றார்.

"என்ன சார் இது?"

"பாவம்டா ஆடிட்டர், என் இடத்தைக் குடுத்துட்டேன். நாமா பாதியில நின்னா தோஷம்."

"உங்களுக்குத் தண்ணி?"

"குளிக்காம போனா லோக்கல்ல எல்லாரும் தள்ளி நிப்பா. எனக்கு சீட் கிடைக்கும். நீ ஓடு, வண்டி போயிடும்."

அன்று வண்டியைப் பிடித்தேன். அப்புறம் லேட்டே விழவில்லை, வேலையும் நிரந்தரமானது. மறுநாளிலிருந்து நாலே சொம்பில் என் குளியலை முடித்து, ஒரு வாளி நிறையப் பிடித்து அவர் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவேன். அவருக்கு நான் செய்தது அவ்வளவுதான். இன்னும் ஏதாவது செய்திருக்கலாமே என்று இந்த வயதிலும் மனசு அடித்துக்கொள்கிறது.