அறுபதுக்கு மேல் ஆசையும் என் போட்டோவும்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய மச்சான் ராதாகிருஷ்ணன் அவர்களுக்கு,

கிள்ளானில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அம்மன் துணை இருக்கட்டும். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் உங்கள் தங்கை லோகேஸ்வரி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்ட இந்த நேரத்தில் அப்படி எழுதினால் பச்சைப் பொய்யாகிவிடும். வாட்ஸ்அப்பில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். கை தவறி நம் குடும்பக் குழுவில் போய் விழுந்தால் ஈப்போ வரைக்கும் சிரிப்பார்கள். அதனால் போஸ்ட் ஆபீசை நம்பி எழுதுகிறேன்.

நான் ரயில்வேயிலிருந்து பென்ஷன் வாங்கிய பிறகு இங்கே மூத்தோர் நற்பணி மன்றத்துக்குச் செயலாளராக இருப்பது உங்களுக்குத் தெரியும். நம் தாமரை பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்வதும் தெரியும். என்ன ஆராய்ச்சி என்பது உங்களுக்கும் தெரியாது, பெற்ற எனக்கும் தெரியாது. கேட்டவர்களிடமெல்லாம் "மனுஷங்களப் பத்திப் படிக்கிறா" என்று பெருமையாகச் சொல்லி வந்தேன். மனுஷங்களைப் பற்றி என்றால் எதைப் பற்றி என்று கேட்காமல் விட்டேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி. இந்த ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் பேச ஆள் கிடைக்கவில்லை. சக்கரை வியாதி பேச்சு போன மாதம்தான் முடிந்தது. சரி, வீட்டிலேயே ஆள் இருக்கிறதே என்று தாமரையைக் கேட்டேன். "நான் படிக்கறதையே பேசட்டுமாப்பா?" என்றாள். "தாராளமா பேசும்மா" என்றேன். தாராளம் என்ற வார்த்தையை அன்றைக்கு நான் அவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தியிருக்கக் கூடாது.

அடுத்தது பேனர். நம் ஆட்கள் கூட்டம் போட்டால் பேசுகிறவர் படம் இல்லாமல்கூடப் போகலாம், ஏற்பாடு செய்தவர்கள் படம் இல்லாமல் போகக் கூடாது, அது எழுதாத சட்டம். பேனர் கடை லோகனைக் கூப்பிட்டு, தலைப்பைத் தாமரையிடம் கேட்டுக்கொள், படங்களை வழக்கம் போலப் போடு, பதிவு செய்ய என் நம்பரைக் கொடு என்று சொல்லிவிட்டு நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். தலைவர் பதவி இப்போது காலி. ஆலோசகர் போன வருடம் கோபித்துக்கொண்டு போனவர் போனவர்தான். தாமரை தன் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆக மிஞ்சியது நான். திரும்பி வந்து பார்க்கிறேன், மண்டபத்து வேலி முழுக்கப் பேனர். "அறுபதுக்கு மேல் ஆசை: உலகெங்கும் தாம்பத்திய உறவு" என்று யானை எழுத்து. அதற்குக் கீழே, ஓய்வு பெற்ற அன்று எடுத்த படத்தில், கழுத்தில் டையும் வாய் நிறையப் பல்லுமாக நான்! லோகனிடம் பாய்ந்தேன். "அண்ணே, எடம் காலியா இருந்துச்சு, உங்கள பெருசு பண்ணிட்டேன்" என்கிறான். அவனை என்ன செய்வது சொல்லுங்கள்?

வீட்டுக்கு ஓடினேன். "தாமர, என்னம்மா வேல இது?" என்று கத்தினேன். அவள் சாவகாசமாக, "அப்பா, நான் படிக்கறதே இதான். மனுஷனுக்கு ஆசை எந்த வயசுல எப்படி மாறுது, மலாய்க்காரங்க எப்படிப் பாக்கறாங்க, சீனவங்க எப்படிப் பாக்கறாங்க, நாம எப்படின்னு. ரொம்ப நாளா சொல்லிட்டுத்தான் இருக்கேன், நான் வாயத் தொறந்தாலே நீங்க டிவி சவுண்ட ஏத்திடறீங்க" என்றாள். அது என்னவோ நிஜம். "நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்றேன். அதற்குச் சொல்கிறாள் மச்சான்: "முஸ்லிம் ஜோடிங்களுக்காவது கல்யாணத்துக்கு முன்னாடி கோர்ஸ் இருக்கு லா. நாம என்ன செய்யறோம்? நல்ல நேரம் பாத்து ரெண்டு பேரையும் உள்ள தள்ளிக் கதவச் சாத்தறோம். வயசான உடனே நேரம் காலம் பாக்காம ஆளுக்கு ஒரு பக்கம் தள்ளிடறோம். நடுவுல நல்லா இருக்கியான்னு யாரும் கேக்கறதே இல்ல." என்ன பேச்சு பாருங்கள்! லோகேஸ்வரி சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான். சோறு நேரத்துக்கு வருகிறது, வார்த்தை வரவில்லை. ரசத்தில் மட்டும் நாளுக்கு நாள் மிளகு கூடிக்கொண்டே போகிறது.

வெளியே தலை காட்ட முடியவில்லை. ஹாசிம் பாய் கடையில் உட்கார்ந்தால், கேட்காமலேயே டோங்காட் அலி காப்பி வருகிறது. ஆம்பளைத் தெம்புக்கு என்று குடிக்கிற அந்த வேரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "பாய், எனக்கு வழக்கமான டீ, தே தாரேக் போதும்" என்றேன். அவர் காதருகே வந்து, "செக்ரெட்டரி, எங்க ஆளுங்களும் வரலாமா? பொம்பளைங்களுக்குத் தனியா எடம் உண்டா? எங்க வீட்டுல நூருன்னிசா கேக்கச் சொன்னா" என்றார். பள்ளிவாசலுக்கு ஒழுங்காகப் போகிற மனிதர் மச்சான்! போனோ ஓயவில்லை. ஒரு அம்மா, "அண்ணே, வீட்டுக்காரரு இல்லாதவ வந்தா தப்பா நெனப்பாங்களா?" என்று கேட்டார். "நீங்க வாங்கம்மா, எவன் என்ன நெனச்சா என்ன" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. நேற்று ஒருவர் பதிந்துகொண்டு, "சம்சாரத்துக்குத் தெரிய வேணாம் சார்" என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்மணி பதிந்துகொண்டு, "அவருக்குத் தெரிய வேணாம் அண்ணே" என்றார். முகவரியைக் கேட்டேன், இரண்டும் ஒரே வீடு.

பேனரை இறக்கிவிடலாம் என்று பொருளாளர் தங்கமணியிடம் போனேன். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கி, "செயற்குழுத் தீர்மானம் இல்லாம எப்படி எறக்கறது? அதோட, சக்கரை நோய்க்கு வந்தது பன்னெண்டு பேரு, அதுல ஒருத்தர் மைக் செட். இதுக்கு நாற்காலி வாடகைக்கு எடுக்கணும் போல இருக்கு. பேசாம இருங்க செயலாளரே" என்று சொல்லிவிட்டார். பத்துமலை முருகனிடம் ஞாயிற்றுக்கிழமை பேய் மழை கொட்ட வேண்டும் என்று வேண்டியிருக்கிறேன். ஆனால் நம் ஊரில் அது தினமும் கொட்டுகிறது, யாரும் அதற்காக எங்கும் போகாமல் இருப்பதில்லை.

கடைசியாகத் தாமரை ஒன்று சொன்னாள். "அம்மா ஒரு வார்த்த வேணாம்னு சொல்லட்டும், நிறுத்திடறேன்." நீதி நியாயம்தான். ஆனால் அம்மாதான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாளே! நீங்கள் சொன்னால் லோகேஸ்வரி தட்ட மாட்டாள். ஆகவே மச்சான், தயவு பண்ணி சனிக்கிழமையே வந்து இங்கே தங்கி, உங்கள் தங்கையிடம் எடுத்துச் சொல்லி, அந்த ஒரு வார்த்தையை வாங்கிக் கொடுங்கள். மானம் போனால் போகட்டும், அவள் என்னோடு பேசாத வீட்டில் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ன தப்புச் செய்தேன் என்றே தெரியவில்லை. பேனருக்காக என்றால் இவ்வளவு நாள் கோபம் இருக்காது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் நூறாண்டு வாழ வேண்டும். உங்கள் முட்டிவலி இறங்கட்டும்.

உங்கள் வரவை வாசலில் நின்று பார்த்திருக்கும்,
தம்புசாமி

பின்குறிப்பு (திங்கட்கிழமை): மச்சான், இந்தக் கடிதம் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. போஸ்ட் ஆபீசுக்குப் போக அந்தப் பேனரைத் தாண்டித்தான் போக வேண்டும், போக முடியவில்லை. ஆக நேற்றுக் கூட்டம் நடந்துவிட்டது. மழையும் கொட்டியது, குடையோடு வந்து குவிந்துவிட்டார்கள். லோகேஸ்வரி வர மாட்டாள் என்று நினைத்தேன். பச்சைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முன் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். தாமரை நன்றாகத்தான் பேசினாள், ஒரு வார்த்தை கூசவில்லை. வயது ஏறினால் ஆசை செத்துப் போவதில்லை, பேச ஆள் இல்லாமல் மௌனமாகிவிடுகிறது என்றாள். கேள்வி நேரம் வந்தது. முதல் ஆளாக லோகேஸ்வரி எழுந்து மைக்கை வாங்கினாள்.

"எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சு. ஆறு வாரம் ஒதுங்கி இருங்கன்னு டாக்டர் சொன்னாரு. அது முடிஞ்சு எத்தனையோ தீபாவளி போயிருச்சு. எங்க வீட்டுக்காரரு இன்னும் ஹால்லதான் படுக்கறாரு. இதுக்கு உங்க படிப்புல என்ன பதில் இருக்கு?" என்று பெற்ற மகளைப் பார்த்துக் கேட்டாள். தாமரை முகம் சிவந்துபோய், "இதுக்குப் பதில் என்கிட்ட இல்லம்மா. செயலாளர்கிட்ட மைக்கக் குடுங்க" என்றாள். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. எழுந்து மைக்கை வாங்கினேன். "ஆறு வாரக் கணக்கு எனக்கு யாரும் சொல்லல லோகா. உனக்கு வலிக்குமோன்னு ஒதுங்கியிருந்தேன். நீயே கூப்பிடுவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றேன். "நான் நீங்களா வருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். இனிமே நான் ஒங்களுக்கு வேணாமோன்னு நெனச்சேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். சத்தியமாக, அத்தனை பேர் நடுவில். அப்போது பார்த்தேன், அந்த ஒரே வீட்டு ஆசாமிகள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

இன்று காலை பழைய பேப்பர், பழைய சாமான் எடுக்கிற லோரி தெருவில் கத்திக்கொண்டு வந்தது. உங்கள் தங்கை ஓடிப் போய் நிறுத்தி, ஹாலில் கிடந்த என் மெத்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு முனை பிடித்துத் தூக்கிவிட்டேன். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், தங்க வர வேண்டாம். அப்படியே வந்தாலும் அக்காவையும் கூட்டிக்கொண்டு காலையில் வந்து, சாப்பிட்டுவிட்டு, சாயங்காலமே கிளம்பிவிடுங்கள். ஹாலில் படுக்க இனி வசதி இல்லை.