லேம்ப்ரூம் மாமாவும் பூக்காத சாமந்தியும்

கோலார் தங்கவயலிலேயே இருட்டோடு சொந்தப் பகை வைத்திருக்கும் ஒரே ஆள் எங்கள் லேம்ப்ரூம் மாமாதான். பட்டப்பகலில் டார்ச் அடித்துச் செருப்புத் தேடுவார். சுரங்கம் ஓடிய காலத்தில், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கும் ஆட்களுக்குத் தலைவிளக்கு கொடுத்து, ஷிஃப்ட் முடிந்ததும் திரும்ப வாங்கி வைப்பது அவர் வேலை. கடைசி ஆள் மேலே வந்து விளக்கைத் தரும்வரை வீட்டுக்குப் போக மாட்டாராம். சுரங்கம் மூடி எத்தனையோ வருடமாகியும் அந்தப் புத்தி போகவில்லை.

ஊரிகம் லைனில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். மாமாவின் மனைவி சரோஜா அத்தை இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகு, எதிர்ச்சுவரில் இருக்கும் புத்தர் படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு ஆசை சொன்னார்.

"கடைப் பூ வேணாங்க. நம்ம ஊட்டுச் செடியில பூத்த வெள்ளைச் சாமந்தி ஒண்ணு வைக்கணும்."

வாசலில் வைத்த செடியெல்லாம் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுத் தூசி படிந்து கருகிப்போயின. மாமா தொட்டிகளை உள்ளே கொண்டுவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் கதவில்லாத பழைய பீரோவில் அடுக்கினார். வெளிச்சத்துக்கு? தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய்வரும் நான்தான் கொள்முதல் அதிகாரி.

முதலில் டியூப் லைட். செடிகள் நூல் மாதிரி நீண்டன.

"பசியில எட்டிப் பாக்குது நைனா. பெரிசா ஒண்ணு வாங்கினு வா."

கல்யாண மண்டபத்தில் போடும் ஹாலஜன் வந்தது. இலைகள் அப்பளமாகப் பொரிந்தன. கடைசியில் செடிக்கென்றே விற்கும் ஊதா நிற எல்.இ.டி. கடையில் நிற்கும்போதே மாமாவிடமிருந்து போன்.

"இந்தக் கலரு செடிங்களுக்குப் புடிக்குமான்னு கேளு!"

பிடித்தது. செடிகள் புதராக வளர்ந்தன. பூ மட்டும் வரவில்லை. மாமா விளக்கை அணைப்பதே இல்லை.

"மூணு ஷிஃப்டும் ஓடட்டும். அப்பதான் சீக்கிரம் பூக்கும்."

ஜன்னலில் ஓயாத ஊதா வெளிச்சம். உள்ளே வெட்டு வெட்டான இலைகள். கஞ்சாதான் என்று தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. ஒரு மத்தியானம் கன்னடக்காரப் போலீஸ் ஏட்டு ஒருவர் வந்து நின்றார். இலையைக் கசக்கி முகர்ந்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அய்யோ, இது சேவந்திகே, சாமந்தி! எங்க தோட்டத்துல வளர்க்கறதுதான். பூ லேட்டா வரணும்னாதான் நாங்க ராத்திரி பல்பு போடுவோம். நீங்க அணைக்காமலே வெச்சா எப்படிப் பூக்கும்? சாயங்காலமானா ஆஃப் மாடி!"

விளக்கை அணைப்பதற்குப் பதில் ஜெயிலுக்குக்கூடப் போவார் போலிருந்தது மாமா.

"உயிரு உள்ள இருக்கச் சொல்ல லேம்ப்ப அணைக்கறதா? அது மட்டும் ஆவாது சார்."

ஏட்டு தலையில் அடித்துக்கொண்டு போனார். அப்போதுதான் கட்டிலிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"இன்னாங்க, நானும் உள்ளதான கீறேன். இந்த வெளிச்சத்துல தூங்கி எவ்ளோ நாளாச்சு தெரியுமா? செடிக்கு வேணாம், எனக்காவ அணைங்க."

அத்தை அதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. மாமாவின் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அன்று பொழுது சாய்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்விட்ச் தட்டும் சத்தம் கேட்டது.

"சரோஜா, இருக்கியா?"

"இருக்கேங்க."

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"சரோஜா, இருக்கியா?"

"இருக்கேன். தூங்க உடுங்க!"

சில வாரங்களில் மொட்டு வந்தது. முதல் பூவை அத்தை கையில் கொடுத்து, அவரை அப்படியே எதிர்ச்சுவர்வரை தாங்கிப் போய், புத்தர் படத்துக்கு எட்டும்வரை உயர்த்தினார் மாமா. தெருவே ஜன்னலில் நின்று பார்த்தது, கஞ்சா என்று தீர்ப்பு எழுதியவர்கள் உட்பட.

இன்றும் பொழுது சாய்ந்தால் அந்த ஸ்விட்ச் சத்தம் கேட்கிறது, பின்னாலேயே மாமாவின் கேள்வியும். தட்டின் முன் உட்கார்ந்தபடி நானும் காதைத் தீட்டிக்கொள்கிறேன். "இருக்கேங்க" என்று அத்தை சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.