ஒருசந்திக்கு ஒரு வயது, ஆபீசுக்கு ஒரு வயது

நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தால் போதும், யாரும் நியமிக்காமலே பதவியேற்றுக்கொள்ளும் ஓர் இனம் உண்டு. நோன்புச் சட்ட நிபுணர் என்று அதற்குப் பெயர் வைக்கலாம். பங்குச் சாமியாருக்கே சந்தேகம் வந்தால் தீர்த்துவைக்கக் காத்திருக்கும் இந்த இனத்தை நீங்கள் பார்த்ததில்லையா? சிதம்பரத்தில் ரயிலேறிக் கடலூரில் அரசாங்க ஆபீசுக்குப் போய்வரும் ராபர்ட் சாரைக் காட்டுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பதினான்கு வயதானவர்கள் தவக்கால வெள்ளிகளில் இறைச்சி தொடக் கூடாது, அது சுத்தபோசனம். பதினெட்டிலிருந்து ஐம்பத்தொன்பது நிறையும் வரை உள்ளவர்கள் சாம்பல் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருவேளைதான் வயிறாரச் சாப்பிடலாம், அது ஒருசந்தி. இதைக் கோயிலில் சொன்னால் பரவாயில்லை, பாசஞ்சர் ரயிலிலும் சொல்வார். மகள் சுவேதா ஒரு வெள்ளிக்கிழமை வாங்கிவந்த நூடுல்ஸ் பொட்டலத்தைப் பறித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பின்பக்கப் பொடியெழுத்தில் 'கோழிச் சுவை' என்றிருப்பதைக் கண்டுபிடித்து, அந்தப் பெண்ணைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும் வரை கொண்டுபோய் நிறுத்தியவர் அவர். அன்று அவர் தட்டில் என்ன இருந்தது? துறைமுகத்தில் பேரம்பேசி வாங்கிய வஞ்சிரம் நாலு துண்டு, இறால் தொக்கு, நண்டு ரசம். மீன் இறைச்சியில் சேராது. சட்டம் சட்டம்தானே?

பட்டினிக்குத்தான் இத்தனை வருஷமாக ஓட்டை கிடைக்கவில்லை. இந்த வருஷம் அதுவும் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் வாய்க்கு வந்த தேதியை எழுதியதில் ராபர்ட் சாருக்கு இரண்டு வயது குறைந்திருந்தது. ஆபீஸ் பதிவேட்டில் அவருக்கு ஐம்பத்தெட்டு. இன்னும் இரண்டு வருஷம் நாற்காலி உண்டு. அடுத்து அந்த நாற்காலியில் உட்கார வேண்டிய பொன்னுரங்கம், பாவம், விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் பெற்ற தாயின் கணக்குப்படியும் ஞானஸ்நானப் பதிவேட்டின்படியும் போன தையிலேயே அறுபது. ஆண்டவரிடம் வயதைக் குறைத்துச் சொல்லலாமா? கூடாது.

ஆகவே சாம்பல் புதன் காலையில், நெற்றியில் சாம்பலோடு ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து, பூரியை முடித்து, மசால் தோசையை முடித்து, வடையில் கைவைத்தார். எதிரே பொன்னுரங்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஒருசந்தி ஆச்சே சார். காலைலயே இவ்ளோ ஜாஸ்தி சாப்புடுறீங்க?"

சட்டம் என்றால் ராபர்ட் சாருக்கு வாய் நிற்காது. வடை உள்ளே இருந்தும் நிற்கவில்லை.

"அதெல்லாம் அம்பத்தொம்பது வரைக்கும்தான் பொன்னுரங்கம். எனக்குத்தான் போன தையில அறுபது முடிஞ்சிடுச்சே."

பொன்னுரங்கம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப அந்த நாற்காலிய ஏன் சார் இன்னும் புடிச்சிகிட்டு இருக்கீங்க?"

ராபர்ட் சார் சிரித்துப் பார்த்தார். சும்மா தமாஷுக்குச் சொன்னேன், நீங்கள் சட்டத்தை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா என்று சோதித்தேன் என்றார். தட்டையும் தள்ளிவைத்தார். பொன்னுரங்கம் தலையாட்டினார். ஆனால் அன்றிலிருந்து கவனித்தார். நோன்பென்றால் நாற்பது நாளும் பட்டினி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது தவறு என்று சொல்ல ராபர்ட் சாருக்கு நா துடித்தது. சொன்னால் மறுபடி வயதுப் பேச்சு வருமே! மென்று முழுங்கினார், மதியம் மோர்சாதம் அரைவயிற்றுக்கு.

"மீனும் ஆவாதுல்ல சார்?" என்று ஒரு வெள்ளிக்கிழமை பொன்னுரங்கம் கேட்டார்.

"ஆவாது" என்றார் முப்பது வருஷமாக வஞ்சிரத்துக்காக வாதாடியவர்.

ஆக, ஆயுளில் முதல் தடவையாக அந்த மனிதர் உண்மையாகவே நோன்பிருந்தார். ஆண்டவருக்குப் பயந்து அல்ல, பொன்னுரங்கத்துக்குப் பயந்து. கண் குழி விழுந்தது. கால்சட்டைக்கு பெல்ட் வந்தது. பயந்துபோன மனைவி, இந்த வயதில் இவருக்கு இதெல்லாம் தேவையா என்று சாமியாரிடம் போய் அழுதாள்.

தவக்காலத்தின் கடைசி ஞாயிறான குருத்து ஞாயிறு வந்தது. ஒரு பக்திமானைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று மனசு உறுத்தி, மன்னிப்புக் கேட்கலாம் என்று பொன்னுரங்கமும் சிதம்பரத்துக்கு வந்து, கோயிலில் கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பிரசங்கத்தின் நடுவில் சாமியார் ராபர்ட் சாரை எழுந்து நிற்கச் சொன்னார்.

"இவருக்கு அறுபது முடிஞ்சிடுச்சு. ஞானஸ்நானப் பதிவேட்டுல நானே பாத்தேன். ஒருசந்தி இவருக்குக் கடமையே இல்ல. இருந்தும் நாப்பது நாளும் இருக்காரு."

கோயிலே திரும்பிப் பார்த்துக் கை தட்டியது. எல்லாரிலும் பலமாகத் தட்டியவர் கடைசி பெஞ்சில் இருந்தார்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். வரன் தேடும்போது ஒரு வயது, ரயில் சலுகைக்கு ஒரு வயது, மாத்திரை போடும்போது ஒரு வயது என்று நீங்கள் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லையே? இல்லையென்றால் நிம்மதியாகச் சிரிக்கலாம். எதற்கும், உங்கள் பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடுங்கள்.