‘தர்பூசணிக் கோடை’யின் இரண்டாம் பாதி

இந்த முறை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நானாக எடுத்த முதல் முடிவு. பழக்கமில்லாததால் இரண்டு தடவை எடுக்க வேண்டியிருந்தது.

உண்மை இதுதான். ‘தர்பூசணிக் கோடை’ மகா மட்டமான படம்.

இத்தாலியில் ‘போ’ என்ற ஆற்றின் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் இதை வாய்விட்டுச் சொன்னவர் கிடையாது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கேயே எடுத்த படம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ஒரே கோடையில் பெரியவனாகிறான். ‘இத்தாலியே அழுதது’ என்று போஸ்டரில் இருக்கும். எங்கள் கல்யாண வருஷம் தொடங்கி ஒவ்வொரு ஆகஸ்ட் பதினான்கும், மாதா பண்டிகைக்கு முதல் நாள் மாலை, சர்ச் மண்டபத்தில் போடுகிறார்கள். என் மாமனார் ஒரேஸ்தே அதில் நான்கு நொடி வருகிறார். மரத்திலிருந்து விழுகிறார். அந்த நான்கு நொடிக்காக எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும்.

“பாத்தியா மாப்ளே, நான்தான்!”

“பாத்தேன் மாமா.”

“நல்லா விழுந்தேனா?”

“இதுக்கு மேல யாராலயும் விழ முடியாது மாமா.”

அதிலும் ஷிப்டு முறை உண்டு. முதல் பாதி நான். அந்த நேரத்தில் என் மனைவி லுச்சில்லா மறுநாள் விருந்துக்கு விலாங்கு மீன் சமைப்பாள். இடைவேளைக்கு விளக்கு எரிந்ததும் அவள் உள்ளே வருவாள், நான் எதிரே இருக்கும் ஒயின் கடைக்குப் போவேன். ஆலைச் சங்கு ஊதினாற்போல.

இந்த வருஷம் பாதிரியார் எவரிஸ்தோ ஓர் அறிவிப்பு ஒட்டினார். படம் முடிந்து வழக்கமான விவாதம். அதன்பின் கை தூக்கி ஓட்டு. அடுத்த வருஷமும் இதே படமா, வேறா? ஆயுள் கைதிக்கு ஜெயில் கதவு திறந்த மாதிரி இருந்தது. கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன். கதவோரம் லுச்சில்லா.

“யார்கிட்ட பேசற?”

“கண்ணாடிகிட்ட. படம் மட்டம்னு சொன்னேன். ஒத்துக்கிச்சு.”

“பாவம், அதுக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது. எனக்குத் தெரியும். எப்படி மட்டம்?”

“ஒண்ணுமே நடக்கல லுச்சில்லா! பையன் ஆத்தைப் பாக்கறான். ஆறு பையனைப் பாக்குது. நடுவுல ஒரு தர்பூசணி.”

“ஒண்ணுமே நடக்கலையா? அவன் அக்கா தொரினோவுக்கு ரயிலேறிப் போறாளே!”

“எந்த அக்கா? அவனுக்கு ஏது அக்கா? ஆடுதான் இருக்கு.”

“எந்த ஆடு?”

“வெள்ளை ஆடு. பேரு கோண்டெஸ்ஸா.”

“தூல்லியோ, அந்தப் படத்துல ஆடே கிடையாது.”

“இருபது நிமிஷம் ஆடு மட்டும்தான் இருக்கு!”

“சரி, அவன் அப்பா சாகறாரே, அதுவாவது தெரியுமா?”

“சாகறாரா? நல்லாத்தானே சூப் குடிச்சிட்டிருந்தார்!”

எனக்குத் தலை சுற்றியது. ஊரில் இரண்டு மண்டபம் இருக்கிறதோ? எனக்கு இரண்டு மனைவியோ? அவளும் குழம்பிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“காலிக் கொட்டில்ல தினமும் காலைல அந்தப் பையன் புல்லு போடறான். எதுக்குன்னு எனக்கு ஆறு வருஷமாப் புரியல” என்றாள். சட்டென்று நிமிர்ந்தாள். “ஆட்டுக்குப் பேரெல்லாம் இருக்கா?”

“கோண்டெஸ்ஸா. இடது காது கொஞ்சம் மடங்கியிருக்கும்.”

என்னை நன்றாக ஒருமுறை பார்த்தாள். “ஆளுக்குப் பாதி பாத்துட்டுச் சண்டை போடறோம். இந்தத் தடவை ரெண்டு பேரும் முழுசாப் பாப்போம். அப்புறம் உன் மனசாட்சிப்படி கை தூக்கு. நான் தடுக்கல.”

அவள் தடுக்கவில்லை என்றபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதல் பாதி எப்போதும்போல. ஆறு. பையன். ஆடு. ஆடு. மாமனார் விழுந்தார். லுச்சில்லா கொட்டாவி விட்டாள். இடைவேளையில் என் கால்கள் தாமாக ஒயின் கடைப் பக்கம் திரும்பின. அவள் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

இரண்டாம் பாதியில் கோண்டெஸ்ஸாவைக் காணோம். அக்காவின் ரயில் டிக்கெட்டுக்காக விற்றுவிட்டார்கள். பையனிடம் சொல்லவில்லை. அவன் புல் கட்டோடு கொட்டிலுக்கு வருகிறான். மறுநாளும் வருகிறான். உண்மை தெரிந்த பிறகும் வருகிறான், ஏனென்றால் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. பாதிரியார் கைக்குட்டை கொடுத்தார்.

நல்ல படமா, மோசமான படமா? இன்றுவரை தெரியவில்லை. அந்த இருபது நிமிஷ ஆடு இல்லாவிட்டால் இந்த அழுகை இல்லை. ஆனால் அழுவதற்காக மனுஷன் இருபது நிமிஷம் ஆடு பார்க்க வேண்டுமா?

விவாதம் முழுக்க நான் மூக்கைத்தான் சிந்திக்கொண்டிருந்தேன். பிறகு பாதிரியார் கேட்டார்: “வேறு படம் வேண்டும் என்பவர்கள்?” முப்பத்தொரு கைகள். என் கை கைக்குட்டையோடு மூக்கில் இருந்தது. “இதே படம் என்பவர்கள்?” என் கை என்னைக் கேட்காமல் எழுந்தது. முப்பத்திரண்டு.

மாமனார் கட்டிப்பிடித்துக்கொண்டார். லுச்சில்லா கனிவாகச் சொன்னாள்: “அப்பா, பாவம், ஆறு வருஷமா இவரைப் பாதியிலயே எழுப்பிட்டேன். இனிமே முழுசும் இவரே உங்க பக்கத்துல இருப்பார்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன். “நீ எதுக்குமே கை தூக்கலையே?”

“எனக்கு அந்தப் படம் ஆகவே ஆகாது.”

“அப்ப வருஷா வருஷம் படம் முடிஞ்சு கண்ணு செவந்து வருவியே?”

“விலாங்குக்கு மூணு கிலோ வெங்காயம் நறுக்கிட்டு நேரா வர்றேன். பின்ன எப்படி வரும்?”

“அப்ப நீயும் வேண்டாம்னு கை தூக்கியிருக்கலாமே?”

“அப்பா முன்னாடியா? உடைஞ்சு போயிடுவார். நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது அந்தப் படம் பிடிச்சுத்தான் ஆகணும் தூல்லியோ. ஆட்டோட காது வரைக்கும் ஞாபகம் வெச்சிருந்தது நீதான்.”

அடுத்த ஆகஸ்டில் லுச்சில்லா தோழிகளோடு ஒயின் கடையில் இருந்தாள். இடைவேளை விளக்கு எரிந்தது. மாமனார் தொப்பியை எடுத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

“மாப்ளே, நான் விழுந்தது முடிஞ்சுது. இதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் ஓடாது. பொண்ணு ஆசையா வர்றாளேன்னுதான் இத்தனை வருஷம் பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தேன். நீ நிதானமாப் பாத்துட்டு வா.”

தெருவைக் கடந்து ஒயின் கடைக்குப் போய் உட்கார்ந்தார், ஆறு வருஷம் நான் உட்கார்ந்த நாற்காலியில்.