மூலை டீச்சருக்குப் பிடித்த யானைக் கதை

இந்தக் கேமரன் மலையில் மூலை டீச்சரைப் போல ஒரு மனுஷியை எவனும் பார்த்திருக்க முடியாது. நாலு துரைமாரிடம் கங்காணியாக வேலை பார்த்து, மூன்றாம் வகுப்புப் படிப்போடு காய்கறி லாரிகளுக்கு முதலாளியான நான் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. கோலாலம்பூரிலிருந்து வந்தவர். கையில் ஒரு டேப்லெட். அதிலுள்ள புத்தகங்களில் தொட்டால் படம் அசையும். பொத்தானைத் தட்டினால் அதுவே வாய்விட்டுப் படிக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாகப் போய், அந்தப் புத்தகம் பெற்றவர்களையும் பிள்ளையையும் ஒட்ட வைக்கிறதா, பிரித்து வைக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. நாற்காலி போட்டால் வேண்டாம் என்பார். மூலையில் சம்மணம் போட்டு, "நான் ஒரு சுவருன்னு நெனச்சிக்குங்க" என்பார்.

எங்கள் ஆட்களிடம் இது நடக்குமா? வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு உட்கார வைத்தால் ஏழு தலைமுறைக்குப் பழி. முதல் வீட்டில் உளுந்து வடை, அடுத்த வீட்டில் கேசரி, அதற்கடுத்த வீட்டில் இடியாப்பமும் கோழிக்கறியும். பெற்றவர்கள் சுவருக்குப் பரிமாறிக்கொண்டிருக்க, பிள்ளை தனியாக டேப்லெட்டைத் தட்டிக்கொண்டிருக்கும். வந்த வேலை நடக்கவில்லை. டீச்சருக்கு உடம்புதான் தேறியது.

கடைசியில், சுவருக்குப் பசிக்காது என்று என்னிடம் வந்து கெஞ்சினார். கங்காணி குரலில் லயம் முழுக்க உத்தரவு போட்டேன். நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அன்றிலிருந்து அவரை நிஜச் சுவராகவே எண்ணிவிட்டார்கள். பக்கத்து வீட்டு முனியம்மா அவர் தோளில் ஈரத் துண்டை உலரப் போட்டுவிட்டுப் போனாள். அந்தம்மா அசையவில்லை.

அப்புறம் என் வீட்டு முறை வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் நான் பெற்ற ஒரே மகள் யாழினிக்கு அப்போது ஐந்து வயது. கதை என்றால் அம்மாவிடம்தான் ஓடுவாள். அன்று பார்த்து, தேயிலை ஆலையில் ஆள் குறைவென்று என் மனைவியைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் எழுத்துக்கூட்டி ஒரு வரி படிப்பதற்குள் திரிங்காப்பில் கிளம்பிய லாரி கம்போங் ராஜா போய்ச் சேர்ந்துவிடும். அது மகளுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியாதது உலகத்திலேயே இல்லை என்று நம்பியிருந்தாள். நான்தானே அப்படிச் சொல்லி வளர்த்தேன்!

புத்தகமே படிக்கட்டும் என்று பொத்தானைத் தட்டினேன். அவள் அணைத்துவிட்டாள்.

"அது வேணாம்ப்பா. நீ படி லா."

மலைக்குளிரில் எனக்கு வியர்த்தது. படத்தில் ஒரு யானை ஆற்றங்கரையில் நின்றது. "யானைக்கு கம்போங் ராஜா போகணும். ஆத்துல தண்ணி ஜாஸ்தி. அப்பா லாரிய நிறுத்தி, முட்டைக்கோசு மேல ஏத்திக்கிட்டேன்" என்று அடித்துவிட்டேன். பக்கத்தைத் தள்ளினால் முதலை. அதை லாரிக்குக் கிளீனராகச் சேர்த்தேன். யாழினி தொட்டதும் முதலை வாயைப் பிளந்தது. சம்பளம் கேட்கிறது என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

சட்டென்று சிரிப்பு நின்றது. "படத்துல லாரியே இல்லையேப்பா." மூலைப் பக்கம் திரும்பினாள். "டீச்சர், அப்பா சரியாத்தான் படிக்கிறாரா?"

அந்தம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. மூலையிலிருந்து பேசவும் மாட்டார். எந்த வீட்டிலும் வாய் திறக்காத சுவர் அன்று பேசியது.

"அப்பா படிக்கிறது எனக்குப் பிடிச்சிருக்கும்மா. குறுக்க பேசாத. அந்த முதலைக்குச் சம்பளம் கெடைச்சிச்சா இல்லியா?"

யாழினி என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

டீச்சர் ஊர் திரும்பிச் சில வருஷமாகிவிட்டது. அந்தப் புத்தகத்துக்கு என்ன தீர்ப்பு எழுதினாரோ, எனக்குத் தெரியாது. மகள் இப்போது தானே மளமளவென்று படிக்கிறாள். ஆனாலும் அந்தப் புத்தகத்தைப் போனில் திறந்து என் பக்கத்தில் வந்து சாய்ந்தால், எழுத்து இருக்கும் இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "சொல்லுப்பா" என்கிறாள். அந்தம்மா எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் யானையை லாரியில் ஏற்றுகிறேன்.